கருப்பட்டிக்கு ஒரு காய்ச்சல்

பாம்புக்கு இருமத் தெரியாது. நெஞ்சில் சளி கட்டினால் நமக்கு உதரவிதானம் எக்கித் தள்ளும். செருமித் துப்பிவிட்டு வேலையைப் பார்ப்போம். பாம்புக்கு உதரவிதானமே கிடையாது. விலா எலும்புகளுக்கு நடுவிலுள்ள தசைகளை விரித்தும் சுருக்கியும்தான் அது மூச்சு விடுகிறது. நுரையீரல் உடம்போடு நீண்டு கிடக்கும் ஒரு பை. அதன் முன்பகுதியில்தான் ரத்தக் குழாய்கள் அடர்ந்திருக்கும். பின்பகுதி வெறும் காற்றுப் பை. சளி அங்கே இறங்கிவிட்டால் மேலேறி வர வழியில்லை. தேங்கும், இறுகும், கிருமி பெருகும். முனகவும் அழவும் தெரியாத ஜீவன் என்பதால், நோய் நம் கண்ணில் படும்போது பாதி தூரம் போயிருக்கும்.

கணக்குத் தணிக்கை பார்த்துப் பிழைக்கும் எனக்கு இதெல்லாம் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. 2023ஆம் ஆண்டு குளிர்காலத்தின் கடைசியில் ஒரு மலைப்பாம்பின் மூச்சை இரவும் பகலும் காது கொடுத்துக் கேட்க நேர்ந்தது. அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஆன் ஆர்பர் நகரை ஒட்டி எங்கள் வீடு. பாம்பு மகனுடையது. பன்னிரண்டு வயதில் அவன் முதலில் கேட்டது நாய்க்குட்டி. மனைவிக்கு நாய் முடி ஆகாது. தும்மித் தும்மி முகம் வீங்கிவிடும். பூனையும் அதே கதைதான். முடியே இல்லாத பிராணி எது என்று யோசித்து அவன் வந்து நின்ற இடம் பாம்பு. நூலகப் புத்தகங்களை எல்லாம் படித்துவிட்டு வந்து எங்களிடம் வாதாடி ஜெயித்தான். இங்கே கடைகளில் 'பால் பைத்தான்' என்று விற்கும் இனம். மிரண்டால் தலையை நடுவில் புதைத்துப் பந்தாகச் சுருண்டுவிடும். மேற்கு ஆப்பிரிக்காவின் கானா, டோகோ, பெனின் பக்கத்து மலைப்பாம்பு, விஷம் கிடையாது. எங்களுடையது ஆண். மூன்றரை அடி நீளம், 1.3 கிலோ எடை. அவன் ஆச்சி ஊரிலிருந்து அனுப்பியிருந்த கருப்பட்டியின் நிறம் அதன் முதுகில் இருந்ததால் 'கருப்பட்டி' என்றே பெயர் வைத்தான்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் இந்த இனம் முப்பது ஆண்டுகூட வாழும். பன்னிரண்டு வயதுப் பையன் கெஞ்சும்போது இந்த எண் யாருக்கும் உறைப்பதில்லை. பையன் வளர்ந்து கல்லூரிக்குப் போவான், விடுதியில் பாம்புக்கு இடம் தர மாட்டார்கள், பாம்பு அப்பா அம்மா தலையில் விழும். 2022 ஆகஸ்ட்டில் மகன் வடக்கே மேல் மிச்சிகனுக்குப் படிக்கக் கிளம்பினான். கருப்பட்டி அவன் அறையில் அதே கண்ணாடித் தொட்டியில் இருந்தது. வாரம் ஒரு எலி, தண்ணீர், ஒரு பக்கம் சூட்டு விளக்கு. அதிக வேலை இல்லை. அது பாட்டுக்கு இருக்கும். நாங்கள் பாட்டுக்கு இருப்போம்.

அந்த ஆண்டு தீபாவளி கழிந்து அம்மா வந்தாள். நாகர்கோவில்காரி. ஆவணி ஞாயிற்றுக்கிழமைகளில் நாகராஜா கோவிலுக்குப் போய் நாகர் சிலைகளுக்குப் பாலும் மஞ்சளும் ஊற்றாமல் இருக்க மாட்டாள். கருவறைக்கு இன்றைக்கும் ஓலைக்கூரை வேய்கிற கோவில் அது. பிரசாதம் கருவறை மண். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் நர்ஸாக இருந்தவள். ரப்பர் தோட்டத்தில் கடி வாங்கி இரவில் தூக்கி வரப்பட்டவர்களுக்கு விஷமுறி மருந்து ஏற்றிவிட்டு விடிய விடிய நாடி பிடித்து உட்கார்ந்திருக்கிறாள். பாம்பு அவளுக்கு ஒன்று தெய்வம், இல்லாவிட்டால் கேஸ் ஷீட்டு. பேரன் அறையில் விளக்கு வெளிச்சத்தில் படுத்திருந்த கருப்பட்டி இரண்டிலும் சேரவில்லை.

"வீட்டுல வளக்குற பாம்புக்கு விளக்கு வைக்கணுமா, வேண்டாமா மக்கா?" என்று என்னிடம் கேட்டாள். விளக்கு ஏற்கெனவே இருக்கிறது, நூறு வாட்ஸ் என்றேன். முறைத்தாள்.

பேரன்தான் போனில் அவளைச் சமாதானப்படுத்தினான். பெனின் நாட்டில் உவிடா என்ற ஊரில் இதே இனப் பாம்புகளுக்குக் கோவில் இருக்கிறது, அங்குள்ளவர்கள் அவற்றை அடிப்பதில்லை, தப்பி வீட்டுக்குள் வந்தாலும் பத்திரமாக எடுத்துக் கோவிலில் கொண்டுபோய் விடுவார்கள் என்று சொன்னான். காட்டில் அவை எலி வளையிலும் கறையான் புற்றிலும் குடியிருக்கும் என்பதையும் சொன்னான். புற்று என்றதும் அம்மாவின் முகம் மாறியது. "அப்ப நம்ம ஆளுதான்" என்றாள். மறுநாளிலிருந்து காலையில் சாமி விளக்கு ஏற்றிவிட்டு, அந்த அறை வாசலிலும் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போவாள். உள்ளே மட்டும் வர மாட்டாள்.

பிப்ரவரி 22ஆம் தேதி தென்கிழக்கு மிச்சிகனில் உறைமழை பெய்தது. வானத்திலிருந்து தண்ணீராக இறங்கி, கிளையையும் கம்பியையும் தொட்டதும் பனிக்கட்டியாக இறுகுகிற மழை. பார்க்க அழகுதான்; ஒவ்வொரு சுள்ளிக்கும் கண்ணாடி உறை. ராத்திரி பாரம் தாங்காமல் கிளைகள் முறிகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது. லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் போயிற்று. எங்கள் தெருவுக்கு அது திரும்பி வரப் பல நாளாயிற்று. இங்கே வீட்டைச் சூடாக்கும் உலை எரிவாயுவில்தான் எரிகிறது. ஆனால் அந்தச் சூட்டை அறை அறையாகத் தள்ளும் விசிறிக்கு மின்சாரம் வேண்டும். அது நின்றால் எல்லாம் நின்றது.

"ஏன் மக்கா, அமெரிக்காவுல ஒரு இன்வெர்ட்டர் கூடவா கெடையாது?" அம்மாவால் இதைக் கடைசிவரை நம்ப முடியவில்லை. நாகர்கோவிலில் அவள் வீட்டு இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜைத் தவிர எல்லாவற்றையும் இழுக்கும்.

நாங்கள் கம்பளிகளைச் சுற்றிக்கொண்டு ஒரே அறையில் அடைந்தோம். நாம் சாப்பிடுவதில் பெரும்பகுதி உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளத்தான் செலவாகிறது. கம்பளி அந்தச் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. பாம்பைக் கம்பளியில் சுற்றிப் பயனில்லை. அதற்குள்ளிருந்து சூடு வராது. சுற்றினால் குளிர்தான் பத்திரமாக உள்ளே இருக்கும். கருப்பட்டியின் தொட்டியில் வழக்கமாக சூடான பக்கம் 90 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 32 செல்சியஸ். மறுநாள் காலையில் அங்கே 55 காட்டியது. தலையணை உறைக்குள் அதை விட்டு வாயைக் கட்டினோம். எரிவாயு அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைத்து வெந்நீர் போட்டு, புட்டிகளில் நிரப்பித் துணி சுற்றி, பிக்னிக் ஐஸ் பெட்டிக்குள் பாம்போடு அடுக்கினோம். ஆற ஆற மாற்றினோம். மனைவி அலாரம் வைத்து எழுந்து மாற்றினாள். எவ்வளவு செய்தும், அதற்கு வேண்டிய சூட்டின் பக்கத்தில் எங்களால் போக முடியவில்லை.

மின்சாரம் வந்தது. கருப்பட்டி தொட்டிக்குத் திரும்பியது. எலியை வைத்தால் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த இனம் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் பட்டினி கிடப்பது சகஜம் என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மார்ச் முதல் வாரத்தில் ஒரு ராத்திரி அந்த அறையில் உட்கார்ந்து வருமான வரிக் கோப்பு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தொட்டிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. நமத்த தீக்குச்சியைப் பெட்டியில் உரசுகிற மாதிரி, விட்டு விட்டு. மகனிடம் கேட்டேன். தோல் உரிக்கும் பருவத்தில் மூக்கோரம் ஒட்டிய பழந்தோல் இப்படிச் சத்தம் கொடுக்கலாம் என்றான். அந்தப் பருவத்தில் கண் நீலம் பாய்ந்து மங்கும். டார்ச் அடித்துப் பார்த்தேன். கண் தெளிவாக இருந்தது.

மறுநாள் காலை வாசலில் நின்ற அம்மா உள்ளே வந்தாள். வந்து நான்கு மாதமாகியும் அதுவரை அந்தப் படியைத் தாண்டாதவள். கண்ணாடிக்கு முன்னால் குனிந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கருப்பட்டியின் விலாப்பக்கத்தை எண்ண ஆரம்பித்தாள். பிள்ளைகளுக்கு நிமோனியாவா என்று பார்க்க ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுவது அவள் தொழிலில் ஊறிய பழக்கம். பாம்பு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு விட வேண்டும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனாலும் எண்ணினாள்.

"மூச்சு இழுக்குது மக்கா. தலையைக் கண்ணாடில சாச்சுத் தூக்கி வச்சுருக்கு பாத்தியா? ஆஸ்துமாக்காரன் மல்லாக்கப் படுக்க மாட்டான், சாஞ்சு உக்காந்துதான் கெடப்பான். இதுக்கும் அதேதான்."

வாய் லேசாகத் திறந்திருந்தது. கடைவாயில் ஒரு நுரைக்குமிழி.

நாயும் பூனையும் பார்க்கிற மருத்துவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. பாம்பு என்றதும் போனில் குரல் தயங்கும். விசாரித்து, ஊர்வன பார்க்கிற ஒரு பெண் மருத்துவரை ஒரு மணி நேரத் தொலைவில் பிடித்தோம். காரை முதலில் அடுப்பாகச் சூடாக்கினோம். ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அம்மா பின்சீட்டில் ஏறினாள். "நான் வராம நீ அந்தம்மாட்ட என்னத்தச் சொல்லுவ?" என்றாள்.

அங்கே முதன்முதலாக ஒரு பாம்பின் வாய்க்குள் பார்த்தேன். மருத்துவர் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டால் வாயை நெம்பித் திறந்தார். நாக்கின் உறைக்குப் பக்கத்தில், கீழ்த்தாடைத் தரையிலேயே மூச்சுக்குழலின் வாய் இருக்கிறது. சின்னப் பிளவு. திறக்கும், மூடும், நீண்ட நேரம் சும்மா இருக்கும், மறுபடி திறக்கும். ஒவ்வொரு முறை திறந்தபோதும் அதன் உதடுகளுக்கு நடுவே சளி நூல் நூலாக இழுபட்டது. எக்ஸ்ரேயில் நுரையீரல் இருக்க வேண்டிய கறுப்புக்குள் வெள்ளை மூட்டம். மூச்சுக்குழலுக்குள் நூலளவு குழாயை விட்டுச் சிறிது உப்புநீர் செலுத்தித் திரும்ப உறிஞ்சி, கிருமி வளர்த்துப் பார்க்க அனுப்பினார். வாயிலிருந்து பஞ்சில் தொட்டு இன்னொரு மாதிரியும் எடுத்தார். அது நைடோவைரஸ் இருக்கிறதா என்று பார்க்க. பைத்தான்களைக் கொல்லும் இந்த வைரஸை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்த ஆய்வாளர்கள் 2014இல்தான் அடையாளம் கண்டார்கள். அதற்கு மருந்து இல்லை. அதுவாக இருந்தால் செய்வதற்கு அதிகம் இருக்காது என்று நேராகவே சொன்னார்.

பிறகு, மருந்தை எடுப்பதற்கு முன்னாலேயே, சூட்டைப் பற்றிப் பேசினார். கிருமி தொற்றினால் நம் உடம்பு தானே சூட்டை ஏற்றிக்கொள்ளும். அதற்குத்தான் காய்ச்சல் என்று பெயர். பாம்பால் அது முடியாது. நோயுற்ற ஊர்வன சூடான இடம் தேடிப் போய்ப் படுத்துத் தங்கள் காய்ச்சலைத் தாங்களே வரவழைத்துக்கொள்ளும். இதைக் காட்டிய ஆய்வு எங்கள் ஊரிலேயே நடந்ததுதான் என்றார். 1970களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மேத்யூ க்ளூகரும் அவருடன் இருந்தவர்களும் பாலைவன இகுவானா பல்லிகளுக்கு ஏரோமோனாஸ் கிருமியை ஏற்றினார்கள். அவை வழக்கத்தைவிடச் சூடான இடத்தைத் தேடிப் போயின. பின்னர் 34 முதல் 42 செல்சியஸ் வரை வெவ்வேறு சூட்டில் அடைத்துவைத்துப் பார்த்தபோது, சூடு கூடக் கூடப் பிழைத்தவை அதிகம். குறைந்த சூட்டில் வைத்தவை பெரும்பாலும் செத்தன. கண்ணாடித் தொட்டியில் கிடக்கும் பாம்புக்குத் தேடிப் போக இடமில்லை. நாம் எவ்வளவு கொடுக்கிறோமோ அவ்வளவுதான் அதன் காய்ச்சல். 'இந்த மருந்து பாதிதான். மீதிப் பாதி நீங்கள்' என்றார்.

நான் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது காரில் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "வேலைக்குச் சேந்த நாள்லருந்து காய்ச்சல எறக்குறதுதான் எனக்கு வேலை. ஈரத்துணி போட்டு, பாராசிட்டமால் குடுத்து, எத்தனை பிள்ளைகளுக்கு எறக்கியிருப்பேன். இந்த வயசுல ஒருத்தி காய்ச்சல ஏத்துங்கியா."

ஏற்றினோம். சூட்டு விளக்கோடு தொட்டிக்கு அடியில் ஹீட்டிங் பேட் ஒன்றும் சேர்ந்தது. இரண்டையும் ஆளும் தெர்மோஸ்டாட்டின் உணர்முனையை மனைவி பாம்பு படுக்கும் உயரத்திலேயே ஒட்டினாள். சூடான பக்கம் 92; குளிர்ந்த பக்கம் என்று முன்பு விட்டிருந்த 78ஐ 84க்குக் கொண்டுவந்தோம்; ராத்திரியிலும் இறக்கவில்லை. சூட்டை ஏற்றினால் காற்று காய்ந்துவிடும். காய்ந்த காற்றில் சளி இன்னும் இறுகும். ஈரம் சேர்க்கிறேன் என்று தரையை நனைத்தால் வயிற்றுச் செதிலில் புண் வரும். காற்று ஈரமாக வேண்டும், படுக்கை காய்ந்திருக்க வேண்டும். அகலமான தண்ணீர்க் கிண்ணத்தைச் சூடான பக்கத்துக்கு நகர்த்தி, மேலே கம்பிவலையில் பாதியை அலுமினியத் தாளால் மூடி, இரண்டு நாள் மல்லுக்கட்டிய பிறகு ஈரப்பதமானி 65 சதவீதத்தில் நின்றது. மரத்தூள் படுக்கையை எடுத்துவிட்டு வெள்ளைக் காகிதத் துண்டு விரித்தோம். சளி எங்கே, எவ்வளவு சிந்தியிருக்கிறது என்று அதில் தெரியும்.

மருந்து செஃப்டாசிடிம். பெயரைக் கேட்டதும் அம்மா, "இது நம்ம மெடிக்கல் காலேஜுல போடுத மருந்துல்லா" என்றாள். மருந்து அதேதான், கணக்குத்தான் வேறு. மனிதனுக்கு எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை போடுவதைப் பாம்புக்கு மூன்று நாளைக்கு ஒரு முறை போட்டால் போதும். அவ்வளவு மெதுவாகத்தான் அதன் உடம்பு மருந்தைக் கரைத்து வெளியேற்றும். கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம், கருப்பட்டிக்கு 26 மில்லிகிராம், அதாவது 0.26 மில்லி. கரைத்த மருந்து ஃப்ரிட்ஜில் வைத்தாலும் வாரக்கணக்கில் தாங்காது என்பதால் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு சிரிஞ்சாக நிரப்பி உறையவைத்துக் கொடுத்திருந்தார்கள். கருப்பட்டியின் எலிகளை மனைவி ஒருநாளும் சமையலறைக்குள் விட்டதில்லை. கராஜில் அதற்கென்று தனிப் பெட்டி. சிரிஞ்சுகளுக்கு மட்டும் சலுகை கிடைத்தது. துருவிய தேங்காய்க்கும் முருங்கைக்காய்த் துண்டுகளுக்கும் நடுவே ஒரு டப்பா, அதன் மேல் அம்மாவின் கையெழுத்தில் 'பாம்பு மருந்து, யாரும் தொடக் கூடாது.'

யார் போடுவது என்ற பேச்சே எழவில்லை. நான் பிடிப்பது, அம்மா போடுவது. எங்கே போடுவது என்பதில்தான் அவளுக்குக் குழப்பம். "இடுப்பே இல்லாத ஜீவனுக்கு எங்க ஊசி போட?" உடம்பின் முன் மூன்றில் ஒரு பங்குக்குள், முதுகெலும்புக்கு இரு பக்கமும் ஓடுகிற தசையில் என்று மருத்துவர் படம் வரைந்து கொடுத்திருந்தார். பின்பாதியில் போட்டால் அந்த ரத்தம் திரும்பும் வழியில் சிறுநீரகத்தைக் கடந்துதான் போகும். மருந்தும் வீணாகலாம், சிறுநீரகத்துக்கும் கேடு.

அம்மா உறைந்த சிரிஞ்சை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு உட்காருவாள். சூட்டில் கரைந்து தெளியும் வரை அந்தக் கை திறக்காது. நான் கருப்பட்டியின் கழுத்துப் பக்கத்தை ஒரு கையிலும் நடு உடம்பை மறு கையிலும் தாங்கிக்கொள்வேன். அழுத்திப் பிடித்தால் அது திமிறும். தாங்கினால் சும்மா இருக்கும். அவள் இடது கட்டைவிரலால் முதுகெலும்பைத் தடவி இடம் பார்ப்பாள். செதில்கள் ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடக்கும்; குத்தினால் ஊசி வழுக்கும், இல்லாவிட்டால் செதில் கிழியும். நகத்தால் ஒரு செதிலின் பின் ஓரத்தை லேசாகத் தூக்கினால் அடியில் மெல்லிய வெள்ளைத் தோல் தெரியும். ஊசிமுனையைச் சாய்த்து அந்த இடுக்கில் நுழைப்பாள். நுழைகிற நொடியில் என் கைக்குள் தசை முழுக்க ஒரு முறை இறுகித் தளரும். அவ்வளவுதான் அதன் எதிர்ப்பு. மருந்தை இறக்கி, பஞ்சால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, "முடிஞ்சிட்டு, முடிஞ்சிட்டு" என்பாள். சுகாதார நிலையத்தில் பிள்ளைகளுக்கு முத்தடுப்பு ஊசி போட்டுவிட்டுச் சொன்னதும் அதுவாகத்தான் இருக்கும்.

நாகருக்கு ஊசி குத்துவதில் அவளுக்குச் சங்கடம் இல்லையா என்று மனைவி ஒருநாள் கேட்டாள். "சாமி வேற, பேஷண்ட் வேற மக்களே. பேஷண்டுன்னு வந்துட்டா சாமின்னாலும் கையக் காட்டித்தான் ஆகணும்." பேரனுடைய பழைய கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்துக் கேஸ் ஷீட்டு எழுத ஆரம்பித்திருந்தாள். பெயர்: கருப்பட்டி. இனம்: ஆண். கம்ப்ளெயின்ட்: மூச்சுத்திணறல். அதன் கீழே தேதி, சூடு, ஈரம், சளி, ஊசி இடதா வலதா. ஒரே பக்கம் அடுத்தடுத்துப் போடக் கூடாது என்பதற்காக அந்தக் கடைசிப் பத்தி.

வைரஸ் பரிசோதனையின் முடிவு வரும் வரை வீட்டில் அதைப் பற்றிப் பேசவில்லை. மகன் மட்டும் தினமும் கூப்பிட்டான். அந்த நாட்களில் ஒரு மாலை நாகபஞ்சமியைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். வடக்கே பாம்பாட்டிகள் நல்லபாம்புகளை நாள்கணக்கில் தண்ணீர் காட்டாமல் போட்டுவைத்துவிட்டு அன்றைக்குப் பாலை முன்னால் வைப்பார்கள். தாகத்தில் அது குடிக்கும். பாம்பு பால் குடிக்கும் பிராணி அல்ல, செரிக்காது. சிலவற்றுக்குப் பால் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் சாகும் என்று அவற்றை மீட்டெடுக்கும் மருத்துவர்கள் சொல்கிறார்கள். அம்மா கொஞ்ச நேரம் கருப்பட்டியைப் பார்த்தாள். "நான் கல்லுக்குத்தானே ஊத்துதேன்" என்றாள். பிறகு, "புத்துலயும் ஊத்தியிருக்கேன்" என்று தானாகவே சேர்த்துக்கொண்டாள்.

நைடோவைரஸ் இல்லை என்று வந்தது. வளர்த்துப் பார்த்ததில் கிடைத்தது சூடோமோனாஸ். ஆஸ்பத்திரி வார்டுகளில் புண்ணிலும் நுரையீரலிலும் புகுந்து பாடாய்ப்படுத்தும் கிருமி. அம்மாவுக்குப் பழைய பகையாளி. செஃப்டாசிடிமுக்கு அது கட்டுப்படும் என்றும் அறிக்கை சொன்னது. மகனிடம் சொன்னபோது அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு ஆச்சியிடம் கொடுக்கச் சொன்னான்.

குணமாவது பாம்பில் தெரியவே தெரியாது. வாலாட்டாது, எழுந்து நடமாடாது, முகம் தெளிந்துவிட்டது என்று சொல்ல அதற்கு முகபாவமும் இல்லை. காகிதத் துண்டில் ஈரப் பொட்டுகள் குறைந்தன. தீக்குச்சிச் சத்தம் ராத்திரியில் மட்டும் கேட்டது, அப்புறம் எப்போதாவது கேட்டது. ஏப்ரலில் ஒருநாள் தலையைக் கண்ணாடியில் சாய்க்காமல் சுருளின் மேல் வைத்துப் படுத்திருந்ததை அம்மா நோட்டில் எழுதி அடிக்கோடிட்டிருந்தாள். சத்தம் நின்ற பிறகும் மருத்துவர் மருந்தை நிறுத்த விடவில்லை. மறுபடி எக்ஸ்ரே எடுத்து, வெள்ளை மூட்டம் கலைந்ததைப் பார்த்த பிறகே போதும் என்றார். அப்போதும், வெளித்தோற்றத்தை நம்ப வேண்டாம், மாதாமாதம் எடை பாருங்கள், குறைந்தால் உடனே கொண்டுவாருங்கள் என்றுதான் அனுப்பினார்.

எலியை வெந்நீரில் போட்டு உறைபனி நீக்கி இடுக்கியில் பிடித்து நீட்டியபோது கருப்பட்டி பாய்ந்து வாங்கிச் சுற்றிக்கொண்டதை நாங்கள் மூன்று பேரும் நின்று பார்த்தோம். மனைவி அதுவரை எலி நேரத்தில் அந்தப் பக்கமே வந்ததில்லை. தாடை விரிந்து எலி பாதி போனதும், வாயின் ஓரத்தில் ஒரு சிறு குழாய் வெளியே நீண்டது. மூச்சுக்குழலின் வாய். வாய் நிறைய இரை அடைத்திருக்கும்போதும் மூச்சு நிற்காமலிருக்கப் பாம்பு அதை முன்னே தள்ளிப் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளும். மருத்துவரின் மேசையில் சளி நூலோடு பார்த்த அதே பிளவு, இப்போது இளஞ்சிவப்பாக, சுத்தமாகத் திறந்து மூடியது. "சக்ஷன் போட்ட மாதிரில்லா இருக்கு" என்று அம்மா கண்ணாடிக்கு மிக அருகில் போனாள்.

இத்தனைக்கும் கருப்பட்டிக்கு நாங்கள் யார் என்று தெரியாது. கையில் எடுத்தால் விரல்களுக்கு நடுவே நுழைந்து சுருள்வது கை சூடாக இருப்பதால். அந்தச் சூடு என்னுடையதா அம்மாவுடையதா, இல்லை ஹீட்டிங் பேடுடையதா என்பது அதற்கு ஒரு பொருட்டே அல்ல. நாயோ பூனையோ பிழைத்து எழுந்திருந்தால் மடியில் வந்து படுத்திருக்கும்; பட்ட பாட்டுக்கு அதுவே கூலியாகிவிடும். இங்கே கணக்கு ஒரு பக்கம் மட்டும்தான் எழுதப்படுகிறது. தணிக்கைக்காரனான எனக்கு அது நெருடியது, அம்மாவிடம் சொன்னேன். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. "கொணமானவன் திரும்பி வந்து கும்பிடணும்னு பாத்திருந்தா முப்பது வருசம் நர்ஸ் வேல பாத்திருக்க முடியுமா? கொணமானா வர மாட்டான், அதுதான் கொணம்."

மே மாதத் தொடக்கத்தில் அம்மா ஊருக்குக் கிளம்பினாள். நோட்டை என்னிடம் ஒப்படைக்கும்போது, டிசம்பர் வரை மாதம் ஒரு வரியாக எடைக்குக் கட்டம் போட்டு வைத்திருந்தாள். விமானம் ஏறுவதற்கு முன் அவள் கேட்டது, இன்வெர்ட்டர் விஷயம் என்ன ஆயிற்று என்பதுதான். அடுத்த குளிர்காலத்துக்கு முன் வாங்கிவிட்டோம். இங்கே அதைப் பவர் ஸ்டேஷன் என்கிறார்கள், பெட்டியளவு பேட்டரி. சூட்டு விளக்கை அணைத்துவிட்டு ஹீட்டிங் பேடை மட்டும் ஓட்டினால் ஒரு நாளுக்கு மேல் தாங்கும். வீட்டில் வேறு எதையும் அதில் மாட்டக் கூடாது என்பது மனைவியின் உத்தரவு.

கருப்பட்டிக்கு இன்னும் இருபது ஆண்டு ஆயுள் பாக்கி இருக்கலாம். அத்தனை குளிர்காலத்துக்கும் அதற்கு யாராவது ஒருவர் காய்ச்சலாக இருந்தாக வேண்டும். அந்த வேலையை அம்மா என்னிடம் தள்ளிவிட்டுப் போனாள். நான் மகனிடம் தள்ளக் காத்திருக்கிறேன். படிப்பு முடிந்து வேலைக்குப் போகிற ஊரில் வீடு பார்க்கும்போது, வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் பாம்புக்கு அனுமதி உண்டா என்று கேட்கும்படி இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.